பழகிப்போச்சு

குருணை அளவுதான்.
புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும்
சேவுகனின் மூச்சுக்குழாயிலிருந்து கிள்ளியது,
பார்மலின் குப்பியின் அடியில் கிடந்தது.

காரைக்குடி, நூறடி ரோட்டுக்குப் பின்சந்து.
மதியத்துக்குள் இரண்டு முறை கரண்ட் போனது.
மெழுகில் புதைத்து
முடியினும் மெல்லிசாய்ச் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி
ஊதாவும் ரோஸும் ஏற்றினேன்.
இருபத்திரண்டு வருஷம்; கை தானாகச் செய்கிறது.

டாக்டர் உமையாள் குனிந்தவர் நிமிரவில்லை.
"ஜெசிந்தா, இங்க வந்து பாரேன்."

இருக்கவேண்டியவை தூண் செல்கள்.
இந்த ஊரில் தூண் என்றால் பர்மாத் தேக்கைக் காட்டுவார்கள்.
இவை கப்பலேறி வந்தவையல்ல,
அவரவர் நெஞ்சுக்குள் பிறக்கும்போதே நட்டவை.
உச்சியில் நுண்மயிர் அசைய
வந்த தூசியை மேலே மேலே தள்ளிக்கொண்டிருப்பவை,
ஆள் உறங்கும்போதுகூட.

காணோம்.
அந்த இடத்தில் தட்டைத் தட்டையாய்
ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி
உள்ளங்கால் தோல் போல.

பழைய செல்கள் மாறிவிடவில்லை.
உமித்தூசியும் பீடிப்புகையும் அறைந்து அறைந்து
அவை உதிர்ந்துபோக
அடியில் கிடந்த குருத்துச் செல்கள்
அடுத்த பிள்ளைகளை வேறு மாதிரி பெற்றன.
துடைப்பம் வேண்டாம், தடித்த தோல் போதும் என்று.
புகை இனிமேல் அவ்வளவாய்ச் சுடாது.
கூட்டத்தான் ஆளில்லை.
அந்த வேலைக்கு வந்து சேர்ந்ததுதான் இருமல்.

ஓரத்தில் இரண்டு மூன்று
மாறிக்கொள்ள நேரம் கிடைக்காதவை:
உட்கரு சுருங்கி, கறுத்து, வெறும் புள்ளி.
அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரி.

வியாழக்கிழமை அவரே வந்தார்.
இடது தோள் வலதைவிட ஒரு பிடி பெரிசு.
அதுவும் செல்கள் செய்ததுதான்,
சுமைக்குச் சுமை இழை பருத்து.
அதை நாங்கள் வியாதி என்று எழுதுவதில்லை.

வாசலிலேயே கண்ணைக் கசக்கினார்.
"என்ன தாயீ இந்தக் காட்டம்,
எப்பிடி உள்ள உக்காந்திருக்கீக?"
"பழகிப்போச்சுண்ணே."
"எனக்கும் உமி அப்பிடித்தான்."

உறையை வாங்கிக்கொண்டும் போகவில்லை.
"அந்த வியாதியா?"

சொல்ல எனக்கு அதிகாரமில்லை. சொன்னேன்.
இல்லை. இன்னும் இல்லை.
புகையும் தூசியும் நின்றால்
பழைய வரிசை திரும்பி வரலாம், மெதுவாக.
நிற்காவிட்டால்
மாறியது மேலும் மாறும், அடுக்குக் குலையும்,
அப்புறம் யார் பேச்சையும் கேட்காது.

"பீடிய நிப்பாட்டிரலாம்.
மில்ல நான் எப்பிடி நிப்பாட்ட?"

மாஸ்க் என்றேன், மூக்கில் துணி என்றேன்.
எனக்கே அது சின்னதாய்க் கேட்டது.
உறையை நாலாய் மடித்து இடுப்பில் செருகினார்.
பீடிக்கட்டும் அங்கேதான் இருந்தது.

அவர் பஸ் ஏறியிருப்பார்.
குப்பியின் மூடியைத் திறந்து
மூக்கருகே கொண்டுபோனேன்.
ஒன்றுமில்லை. குடிதண்ணீர் போல.
வேலைக்கு வந்த முதல் வருஷம்
இந்தக் காட்டத்துக்குத்தான்
முகம் வீங்கி வீடு போய்ச் சேருவேன்.
எந்த மாதம், எந்தக் கிழமை
அது நின்றதென்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.
எக்ஸாஸ்ட் ஃபேன் ஆடியிலிருந்து ஓடவில்லை.
இறக்கையெல்லாம் மயிர் மயிராய்த் தூசி.
விரலால் தள்ளினேன்.
கால் சுற்று சுற்றி நின்றது.

"அங்க என்ன பண்ற?" உமையாள் கேட்டார்,
மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க டாக்டர்?"